பவுனம்மா வீட்டுக் கொல்லையில் நட்ட கல்

ஆலங்கொண்டான் காலனி மேலே ஏறத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தது மனிதர்கள் இல்லை, சாக்கடை. மேலத்தெருவில் பாத்திரம் கழுவிய தண்ணீரும் மாட்டுக்கொட்டகைத் தண்ணீரும், யாரும் வழி சொல்லாமலே தலைமுறை தலைமுறையாக வாய்க்கால் பாலத்தைக் கடந்து காலனிக்குள் இறங்கி, பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தேங்கிப் பச்சை பிடிப்பதுதான் வழக்கம். அது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமைக் காலையில் பாலம் வரைக்கும் வந்து, சற்று நேரம் நின்று, பிறகு வந்த வழியே திரும்பிப் போய் மாசிலாமணி வீட்டு வாசலில் போட்டிருந்த கோலத்தை நனைத்தது. மேலத்தெருவின் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரரான மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்தடிக்கு வந்து, "எவன்டா அங்க அடைச்சது?" என்று சத்தம் போட்டார். யாரும் அடைக்கவில்லை. காலனித் தரை நாலு விரற்கடை உயர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த வாரம் நாலு விரற்கடை, அடுத்த வாரம் இன்னொரு நாலு விரற்கடை என்று, பால் பொங்குவது போலச் சத்தமில்லாமல், வைகாசிக்குள் முழங்கால் உயரமும் ஆடிக்குள் இடுப்பு உயரமும் காலனி ஏறியது. ஒரு சுவரில் கீறல் விழவில்லை, ஓர் ஓடு நழுவவில்லை, நிறைகுடத்துத் தண்ணீர் தளும்பவில்லை. முருங்கை மரமும் கரண்டுக் கம்பமும் மாதா சொரூபம் நிற்கிற கெபியும் தொட்டிலில் தூங்கிய பிள்ளைகளும் இருந்த இடத்தில் இருந்தபடியே, தரையோடு தரையாக மேலே வந்தார்கள். கொஞ்ச நாள் அதிசயமாகப் பேசினார்கள், பிறகு பழகிவிட்டது. பாலத்தருகே நிற்கிற பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கையை ஊன்றி ஏற வேண்டியிருந்ததால் காலனிக்காரர் தனவேலு படி வெட்டினார்; படி வெட்டிய ஒவ்வொரு வாரமும் கீழே ஒரு படி கூடுதலாக வெட்ட வேண்டியிருந்தது, அதற்கென்று சனிக்கிழமை சாயங்காலத்தை ஒதுக்கிவைத்தார். மேலத்தெருவுக்கு வந்த தபால்காரர் காற்று வாங்கக் காலனிக்கு ஏறினார். பொண்ணு பார்க்க வந்தவர்கள், முன்பெல்லாம் செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு முகத்தைச் சுளித்தவர்கள், இப்போது "நல்ல எடுப்பான இடம்" என்று சொல்லிக் காபியைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். வேலைக்குக் கூப்பிட வருகிற மேலத்தெரு ஆட்கள் படியடியில் நின்று தலையை அண்ணாந்து கூப்பிட வேண்டியிருந்தது, அப்படி அண்ணாந்து கூப்பிடும்போது ஏனோ அந்தப் பழைய அதட்டல் குரலில் வரவில்லை, ஒரு மாதிரி கேட்கிற குரலாக வந்தது.

பவுனம்மா மட்டும் தினமும் காலையில் எழுந்ததும் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காலனியில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்ததும், அது எவ்வளவு உயரம் நின்றதோ அவ்வளவு உயரத்தில் வீட்டுச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டு வருஷத்தை எழுதுவார்கள். வெள்ளையடித்தாலும் கோட்டை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். பவுனம்மாவின் சுவரில் இருபத்தாறு கோடுகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலே கழுத்து உயரத்தில் ஒன்று. தங்கள் பயிரைக் காப்பாற்ற மேலத்தெருக்காரர்கள் பட்டப்பகலில் வாய்க்கால் கரையை வெட்டிவிட்ட வருஷம் அது. பவுனம்மாவும் புருஷனும் நாற்றங்காலில் இருந்தார்கள், பெரியவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மூன்று வயது சின்னவளைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. அந்தக் கோட்டுப் பக்கத்தில் வருஷம் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

அந்தப் பெரியவள்தான் வாலண்டினா. விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயர் என்று சொல்லி விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் வைத்தது. வைத்தவர் அவள் மேலே போவாள் என்று நினைத்திருப்பார், அவளோ படித்துப் படித்துப் பூமிக்கு அடியில் போய்ச் சேர்ந்தாள். காலனிக்கு நேர் கீழே இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு மணற்பாறை இருக்கிறது. அதன் சின்னச் சின்ன ஓட்டைகளில் இருந்த எரிவாயுவை எல்லாம் ஒரு காலத்தில் எடுத்துத் தீர்த்தாயிற்று. இப்போது கடற்கரை அனல்மின் நிலையத்துப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, குழாய் வழியே கொண்டுவந்து, அந்த ஓட்டைகளுக்குள் அழுத்தி நிரப்பி, ஆயிரம் வருஷத்துக்கு மூடிவைக்கிற வேலையை ஒரு கம்பெனி எடுத்திருந்தது. அந்தக் கம்பெனியின் சென்னை ஆபீசில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு ஆலங்கொண்டானைக் கட்டுவது வாலண்டினாவின் வேலை. களிப்பாறை, மணற்பாறை, அவற்றை மேலிருந்து மூடியிருக்கிற பாறை, குறுக்கே ஓடுகிற பழைய பிளவு, எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் பலத்தையும் சுமையையும் கொடுத்து, 'இவ்வளவு அழுத்தினால் தாங்குவாயா?' என்று கேட்பாள். தாங்கும் என்றுதான் பதில் வந்தது. தரை நாலு மில்லிமீட்டர் உயரும் என்று வந்தது, ஓர் உளுத்தம்பருப்பு அளவு.

"நாலு மில்லிமீட்டர்னா எவ்ளோடி?" என்று பவுனம்மா போனில் கேட்டாள். வாலண்டினா சொன்னதும், "அப்ப நீ கணக்குல எங்கயோ கோட்ட வுட்டுட்ட. என் வூடு இப்ப மாசிலாமணி வூட்டு மொட்டமாடிக்கு நேரா நிக்கிது" என்றாள். குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கம்பெனிக்கு ஏன் தெரியவில்லை என்றால், அதற்கு ஒரு கல் காரணம். தரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க, அசையாத ஓர் இடத்தில் பித்தளைக் குமிழ் பதித்த ஒரு கல்லை நட்டு, அதிலிருந்துதான் மற்ற இடங்களை எல்லாம் அளக்க வேண்டும். மேலத்தெருவில் அந்தக் கல்லுக்கு ஒரு முழம் இடம் கேட்டபோது, கல் நட்டால் நாளைக்கு நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்று மாசிலாமணி அளவெடுப்புக்காரர்களை விரட்டிவிட்டார். காலனியில் யாரையும் கேட்கவில்லை, பவுனம்மா வீட்டுக் கொல்லையில் நட்டுவிட்டுப் போனார்கள். கல் காலனியோடு சேர்ந்து ஏறியது. கல்லை நம்பி அளந்தவர்களுக்குக் காலனி அசையவே இல்லை, மேலத்தெருதான் வாரம் நாலு விரற்கடை இறங்கிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து படம் பிடிக்கிற செயற்கைக்கோளும் தண்ணீர் நிற்கிற வயலைப் பார்த்துக் கண் கூசி ஒன்றும் சொல்லவில்லை.

அளந்தவர்கள் சொன்னதைக் கேட்டு மேலத்தெரு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்தது. லாரி லாரியாக மணல் அடித்தார்கள். தெருவின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் புதைத்தார்கள். வீட்டில் பாரம் குறைய வேண்டும் என்று யாரோ சொல்ல, அம்மி, ஆட்டுக்கல், நெல் மூட்டை எல்லாவற்றையும் வண்டியேற்றிச் சொந்தக்காரர் ஊர்களுக்கு அனுப்பினார்கள். கடைசியில், காலனிக்கு அடியில் செலுத்துகிற காற்றைத் தங்கள் தெருவுக்கு அடியிலும் செலுத்தி, நியாயமாக எல்லோரையும் சமமாக ஏற்றிவிட வேண்டும் என்று அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். நியாயம் என்ற சொல்லை மேலத்தெரு அப்போதுதான் முதன்முதலாக எழுத்தில் பயன்படுத்தியது.

வாலண்டினா புரட்டாசியில் வந்தாள். இருபத்தேழு படி ஏறி, அம்மா வீட்டு வாசலில் நின்று, கீழே தெரிந்த மேலத்தெருவைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையில் அந்தத் தெருவைப் பார்க்க முடியும் என்று அவள் நினைத்ததே இல்லை. நெஞ்சு நிறைந்தது, அதை அவள் ஒளிக்கவில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து, கம்ப்யூட்டருக்குள் இருந்த ஆலங்கொண்டானையும் வெளியே இருந்த உயரத்துக்கு ஏற்றி, இப்போது தாங்குவாயா என்று மறுபடி கேட்டாள். மூடியிருந்த பாறையும் குறுக்கே ஓடிய பிளவும், வாய்க்காலுக்கு நேர் கீழே, வரிசையாகச் சிவந்தன. கார்த்திகை பிறப்பதற்குள் பிளவு நழுவும், அந்த வழியே காற்று மேலே வரும் என்று வந்தது.

வெளியே வந்தால் எங்கே போகும் என்றும் ஓட்டிப் பார்த்தாள். கரியமில வாயு சாதாரணக் காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலவே அதுவும் பள்ளத்தைத் தேடும். பழைய ஆலங்கொண்டானாக இருந்திருந்தால் அது நேரே காலனிக்குள் இறங்கித் தேங்கியிருக்கும். இப்போது பள்ளம் மேலத்தெரு. திரையில் நீல நிறத்தில் அது பாலத்தடியில் கசிந்து, சாக்கடை திரும்பிப் போன அதே வழியே போய், மாசிலாமணி வீட்டு வாசலில் நுழைந்து, தெருக்கோடி வரைக்கும் ஜன்னல் உயரத்துக்கு நின்றது. காலனியில் ஒரு கட்டம்கூட நீலமாகவில்லை. அவள் மூன்று தரம் ஓட்டினாள், மூன்று தரமும் அப்படியே வந்தது.

அன்று மதியம் தண்ணீர்த்தொட்டியடியில் காலனி கூடியது. படி வெட்டுகிற தனவேலு அவளுக்குச் சித்தப்பா முறை, ஒரு காலத்தில் பாசனத் துறை அளவெடுப்புக்குக் கோல் பிடித்தவர். அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ படிச்ச புள்ள. ஒரே ஒரு வார்த்த சொல்லு. அந்தக் காத்து வெளிய வந்தா நம்மகிட்ட வருமா?"

"வராது சித்தப்பா. மேலத்தெருவுக்குத்தான் போவும். ஜன்னக்கட்ட ஒசரம் நிக்கும். வாடையும் இல்ல, நெறமும் இல்ல. படுத்திருக்கவங்க எந்திரிக்க மாட்டாங்க."

"நிறுத்திட்டா?"

"நிறுத்தி, உள்ள இருக்க அழுத்தத்த மெல்லமா எறக்கணும். எறக்குனா காலனியும் எறங்கிடும்."

மழைக்காலத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

"நம்ம வூட்டு ஜன்ன ஒசரம் தண்ணி நின்னப்ப எவன் வந்து நிறுத்துனான்?" என்றார் தனவேலு. அவர் கோபமாகச் சொல்லவில்லை, கேட்கிறவர்களுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. "நாம எதுவும் செய்யலம்மா. வெட்டல, தள்ளல. சும்மா இருக்கப்போறோம். சும்மா இருக்கறது ஒரு குத்தமா?"

முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பவுனம்மா மகளைப் பார்த்து, "அது வந்தா மொதல்ல பெரியவங்களுக்கு எட்டுமா, புள்ளைவோளுக்கா?" என்று கேட்டாள்.

"குட்டையா இருக்கவங்களுக்குத்தாம்மா மொதல்ல."

பவுனம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

வாலண்டினா படியிறங்கி மாசிலாமணி வீட்டுக்குப் போனாள். அவர் நாற்காலியில் இருந்தபடியே முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒசரத்துல ஏறி ஒக்காந்தது பத்தலயா? இப்ப எங்கள ஊர வுட்டே கெளப்பணுமாக்கும்? இங்கேருந்து ஒருத்தனும் நகர மாட்டான், போய்ச் சொல்லு." அவர் பேத்தி ஒருத்தி தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். வாலண்டினா அந்தக் குழந்தையின் தலைக்கும் ஜன்னல் கட்டைக்கும் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு வெளியே வந்தாள்.

கம்பெனியின் நிலையத் தலைவர் ரகுநந்தன் மரியாதையானவர், டீ வாங்கிக் கொடுத்துத்தான் மறுத்தார். "கல்லு அசையலையேம்மா. கல்லு அசையலைன்னா காலனி ஏறலை. காலனி ஏறலைன்னா அழுத்தம் கூடலை. மேலத்தெரு எறங்குதுன்னா அவங்க போர்வெல் போட்டு உறிஞ்சறாங்க, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" கல் அசைந்திருக்கிறது என்று காட்டினால் அன்றே நிறுத்திவிடுவதாகச் சொன்னார். வெளியூர் ஆட்கள் அளக்க வருவதற்கு ஒன்றரை மாதம் ஆகும் என்றும் சொன்னார்.

ஒன்றரை மாதம் இல்லை. ஆனால் ஏழு கிலோமீட்டர் தள்ளி வெள்ளாமணக்குடி ரயில் நிலையம் இருந்தது, நடைமேடையின் கோடியில் மஞ்சள் பலகை இருந்தது, அதில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருந்தது. அங்கிருந்து தொடங்கி, மட்டக்கருவியால் ஐம்பது ஐம்பது மீட்டராக உயரத்தைக் கடத்திக்கொண்டு வயல் வழியே வந்து கல்லில் முடித்தால், கல் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். கருவியை அவள் பார்ப்பாள். அளவுகோலைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். காலனியில் ஒருவரும் வரவில்லை, மேலத்தெருவில் கேட்கிற மாதிரி இல்லை. "அந்தக் கோல நான் புடிக்கிறேன்" என்றாள் பவுனம்மா.

இரண்டு பகல் நடந்தார்கள். பவுனம்மா கோலை ஓர் இடத்தில் ஊன்றி நிற்பாள். வாலண்டினா ஓர் அளவு பார்த்து எழுதிக்கொண்டு, கருவியைத் தூக்கித் தோளில் போட்டு, அம்மாவைத் தாண்டி ஐம்பது மீட்டர் முன்னால் போய் நிறுத்தித் திரும்பி, அதே இடத்தில் அதே கோலை இன்னொரு அளவு பார்ப்பாள். அவள் முதுகு காட்டி நடக்கிற அந்த ஐந்து நிமிஷம் கோல் அசையவே கூடாது. இதுதான் இந்த வேலையின் உயிர். வயலில் ஊன்றியவர் அந்த நேரத்தில் ஓர் எட்டு வைத்து வரப்பின் மேல் ஏறி நின்றுவிட்டால், அதற்கப்புறம் அளக்கிற எல்லாமே அந்த வரப்பளவு தணிந்துபோகும். ஐந்தாறு தரம் அப்படி ஏறினால் காலனி ஏறியதே எழுத்தில் இல்லாமல் போய்விடும்.

இரண்டாம் நாள் காலை டீ குடிக்க நின்றபோது தனவேலு சைக்கிளில் வந்தார். பவுனம்மாவைத் தனியாக அழைத்துப்போய், மெல்லப் பேசி, கையால் வரப்பைக் காட்டினார், பிறகு வாலண்டினாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். கோல் பிடித்துப் பழகிய மனிதர் வரப்பைக் காட்டி என்ன சொல்லியிருப்பார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் கேட்கவில்லை. அதற்கப்புறம் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பிடரி கூசியது, ஒரு முறையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தடுக்க வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால், அம்மா ஏறிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பாதி வேண்டிக்கொண்டே நடந்தது. ஏறிவிட்டால் யார் மேலும் பழி இல்லை, அளந்து பார்த்தோம், வரவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் நாலு மணிக்குப் படியேறிக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். காலனியே வேலி ஓரத்தில் நின்றது. பவுனம்மா முந்தானையால் பித்தளைக் குமிழைத் துடைத்து, அதன் மேல் கோலை நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டாள். வாலண்டினா கடைசி அளவைப் படித்தாள். கூட்டினாள், கழித்தாள். கல்லில் வெட்டியிருந்த உயரம் மூன்று மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். அவளுக்கு வந்தது ஐந்து மீட்டர் நாலு சென்டிமீட்டர்.

"எவ்ளோ ஏறியிருக்கு?" என்று கேட்டாள் பவுனம்மா.

"ஒரு மீட்டர் தொண்ணூத்திரெண்டும்மா."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா."

பவுனம்மா கோலை மகளிடம் கொடுத்துவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்தாள். அப்போதுதான் வாலண்டினா அம்மாவின் கால்களைப் பார்த்தாள். இரண்டு நாளும் புற்றென்றும் பாராமல் ஊன்றிய இடத்தில் ஊன்றியபடியே நின்ற கால்கள், கட்டெறும்பு கடித்துக் கணுக்கால் வரைக்கும் தடித்துச் சிவந்து வீங்கியிருந்தன. தனவேலு வேலியை விட்டு வந்து, அந்தக் கால்களுக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லிப் பெண்டாட்டியை அனுப்பினார்.

ரகுநந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அன்றே நிறுத்தினார். அழுத்தம் இறங்க இறங்கக் காலனியும், ஏறியதைப் போலவே சத்தமில்லாமல், ஒரு துளி தளும்பாமல் இறங்கியது; தனவேலு வெட்டிய படிகள் கீழேயிருந்து ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. ஏறியது ஆறு மாதம், இறங்கியது பதினெட்டு நாள். பழைய இடத்துக்கு வந்தும் நிற்காமல் இன்னும் ஒரு சாண் இறங்கித்தான் நின்றது. கம்பெனி எதையும் வெளியே சொல்லவில்லை. கொல்லைக் கல்லை நம்பிப் பழகிய மேலத்தெரு, தன் தெருதான் மறுபடி ஏறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மேளம் வைத்துப் பொங்கல் போட்டு, வெடி வெடித்தது.

ஐப்பசி கடைசியில் மழை வந்தது, வாய்க்கால் புரண்டது, சாக்கடை தன் பழைய வழியைக் கண்டுபிடித்துக் காலனிக்கு வந்து சேர்ந்தது. அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போக வாலண்டினா வந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் தொடை உயரம் நின்றது. அரிசிப் பானையைப் பரணில் ஏற்றிவிட்டு வாசலில் நின்ற பவுனம்மாவைப் பாலத்தின் மேலிருந்து மாசிலாமணி கூப்பிட்டார். பேத்தியைத் தோளில் வைத்துக் குடை பிடித்திருந்தார்.

"என்ன பவுனு, பாத்தியா? எங்க தெரு எப்புடி ஏறிடிச்சின்னு!"

"ஏறட்டும்யா" என்றாள் பவுனம்மா, அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு. "புள்ள நல்லா மூச்சு வுட்டுக்கிட்டு இருக்குல்ல, அது போதும்."

மழை இரைச்சலில் அது அவருக்குச் சரியாகப் புரியவில்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. பவுனம்மா ஈரச் சுவரில் கையை வைத்துப் பார்த்து, பரணிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து மகளிடம் நீட்டினாள். "நீதான் கோடு போடறவளாச்சே, நேரா போடு" என்றாள். வாலண்டினா அழுதுகொண்டே போட்டாள், கோடு நேராகத்தான் வந்தது.